டேவ் பைக் செட் 1969 ஆல்பம்: கார்ட்டூன் போடுற கை வாசிச்ச கிட்டார்

'நாய்சி சைலன்ஸ், ஜென்டில் நாய்ஸ்', இதான் ஆல்பம் பேரு. அட்டையில இருக்கறது டேவ் பைக் பேரு தான், டெட்ராய்ட்ல பொறந்த வைப்ரஃபோன்காரர் (உலோகப் பட்டைகள குச்சியால தட்டி வாசிக்கிற வாத்தியம்), ஜாஸ் புல்லாங்குழல்காரர் ஹெர்பி மேன் பேண்ட்ல வாசிச்சுட்டு அறுபதுகளோட கடைசில ஜெர்மனி போய் அங்க சொந்தமா பேண்ட் ஆரம்பிச்சவர், ஆனா நான் இத திரும்பத் திரும்ப போட்டுக் கேக்கறது கிட்டார்ல இருக்குற ஃபோல்கர் க்ரீகலுக்காகத்தான். ஜாஸ் நிறைய கேக்குறவங்களுக்கே இந்த பேரு அவ்வளவா தெரியல, அதுல எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

1943ல டார்ம்ஸ்டாட்ல பொறந்த ஆளு. கிட்டார் யார்கிட்டயும் போய் கத்துக்கல, தானா கத்துக்கிட்டது. ஃப்ராங்க்ஃபர்ட்ல சமூகவியலும் உளவியலும் படிச்சிட்டு இருந்தவரு மெல்ல முழுநேரமா இசைக்கு வந்துட்டாரு. இன்னொரு பக்கம் கார்ட்டூன், புத்தகத்துக்கு படம், எழுத்துன்னு அதுவும் கடைசி வரைக்கும் ஓடிட்டே இருந்துச்சு, ஓலாஃப்ங்கற எல்க் மானை வச்சு குழந்தைங்களுக்கு ஒரு புத்தகம் எழுதி படமும் அவரே போட்டிருக்காரு. பொழுதுபோக்குக்கு வரைஞ்ச ஆளுன்னு தயவுசெஞ்சு நினைச்சிடாதீங்க, ரெண்டுமே தொழில் தான் அவருக்கு.

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, அந்த கார்ட்டூன்காரன் கை கிட்டார்லயும் கேக்குது. சோலோ வர்ற இடத்துல மத்தவங்க ஸ்பீடு காட்டி மூச்சு முட்ட வைப்பாங்க, இவரு ரெண்டு மூணு நோட்டு போட்டு நிறுத்திடுவாரு, அந்த இடைவெளிய பேஸும் டிரம்ஸும் நிரப்பட்டும்னு விட்டுட்டு அப்புறமா அடுத்த வரி. தேவையில்லாத கோடு ஒண்ணு கூட இல்ல.

'மாதர்'னு ஒரு பாட்டு இருக்கு, ஆல்பத்த வாங்க வைக்கறதே அது தான். க்ரீகல் கம்போஸ் பண்ணது, அதுல அவரு கையில கிட்டார் இல்ல, சிதார். ராகம் விரிவா வரும், ஆலாபனை இருக்கும்னு எதிர்பார்த்து போனீங்கன்னா ஏமாந்துடுவீங்க, ஏன்னா இவரு சிதாரையும் கிட்டார்காரனா தான் பிடிக்கிறாரு, ஒரு சின்ன ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற குட்டி மெட்டு, அதையே விடாம சுத்தி சுத்தி வந்து கீழ ரெட்டன்பாக்கரோட பேஸ் கனமா ஏற ஏற நமக்கு தலை தானா ஆட ஆரம்பிச்சிடும். கமகம் தேடுற காதுக்கு இது பத்தாது, அத ஒத்துக்கறேன். ஆனா அந்த காலத்துல மேற்கத்திய ரெக்கார்டுகள்ல வாசனைக்கு தூவுன மாதிரி சிதார சேத்தது எவ்வளவோ இருக்கு, இதுல அப்படி இல்ல, சிதார எடுத்துட்டா பாட்டே கிடையாது. 1994ல வேற சிலர் இண்டியன் வைப்ஸ்ங்கற பேர்ல இதே பாட்ட புதுசா வாசிச்சு வெளியிட்டாங்க, கிளப்புகள்ல அது நல்லா ஓடுச்சு. எனக்கு பழசு தான்.

சவுண்ட பத்தி சொல்லியே ஆகணும். இந்த ஆல்பத்த வெளியிட்டது எம்பிஎஸ் லேபிள், ஜெர்மனியோட பிளாக் ஃபாரஸ்ட் பக்கம் வில்லிங்கன்ல ப்ரூன்னர்-ஷ்வேர்ங்கறவரு நடத்துனது, ஜாஸ் பியானோக்காரர் ஆஸ்கர் பீட்டர்சன் அவரு வீட்டுக்கே போய் வாசிச்சு ரெக்கார்டு பண்ணிருக்காரு. ஒலிப்பதிவுல ப்ரூன்னர்-ஷ்வேருக்கு இருந்த வெறி இந்த ஆல்பத்துலயும் தெரியும். வைப்ரஃபோனோட ரீங்காரம் அடங்கற வரைக்கும் நல்ல ஹெட்ஃபோன்ல பின்தொடரலாம். மொபைல் ஸ்பீக்கர்ல போட்டு கேட்டுட்டு பிடிக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க.

குறைன்னு பாத்தா, எல்லா பாட்டும் ஒரே தரம் இல்ல. சிலது அந்த கால பார்ட்டிக்கு வாசிச்ச சோல் ஜாஸ், கேக்க ஜாலியா இருக்கும், மனசுல நிக்காது. 'வாக்கின் டவுன் த ஹைவே இன் எ ரெட் ரா எக்'னு ஒண்ணுக்கு பேரு வச்சிருக்காங்க பாருங்க, கார்ட்டூனுக்கு கீழ எழுதற வரி மாதிரியே இருக்கு!

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். பிடிச்சுதுன்னா அடுத்து க்ரீகல் தன் பேர்லயே 1971ல போட்ட 'ஸ்பெக்ட்ரம்' எடுங்க, அதுல பைக் இல்ல, கிட்டாருக்கு இன்னும் நிறைய இடம் இருக்கு.