கம்போஸில் அடுத்த ஸ்க்ரீனுக்கு எதை அனுப்புவது: ஐடி மட்டுமா, முழு ஆப்ஜெக்ட்டா?

பொருட்களின் பட்டியல் ஒரு ஸ்க்ரீனில் இருக்கிறது, ஒன்றைத் தட்டினால் விவர ஸ்க்ரீன் திறக்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஆப்பின் ஸ்க்ரீன்களைக் கட்டும் கருவித்தொகுப்பான ஜெட்பேக் கம்போஸில் இதற்கு நாலு வழி இருக்கிறது, நாலும் ஒன்றல்ல.

பழைய வழி ஸ்ட்ரிங் ரூட். வெப் முகவரி மாதிரி எழுதி, சாய்கோட்டுக்குப் பின்னால் மதிப்பை ஒட்டுவது. பொருளின் பெயரையே ஒட்டினால், 'துவரம் பருப்பு 1/2 கிலோ' வரும் அன்றைக்கு ஆப் கிராஷ் ஆகும்; அந்தச் சாய்கோட்டைப் பாதையின் பகுதியாக எடுத்துக்கொண்டு, இப்படியொரு டெஸ்டினேஷனே இல்லை என்று, ஸ்க்ரீன் மாற்றும் வேலையைப் பார்க்கும் நேவ்கன்ட்ரோலர் கைவிரித்துவிடும். சாய்கோடு போன்ற குறிகளை வேறு குறியீடாக மாற்றி என்கோட் செய்தால் தப்பிக்கலாம், ஆனால் எங்காவது ஓரிடத்தில் மறந்தாலும் கம்பைலர் சொல்லாது.

2024-ல் வந்த ஜெட்பேக்கின் நேவிகேஷன் லைப்ரரி 2.8-இல் ரூட்டையே சீரியலைசபிள் டேட்டா கிளாஸாக, அதாவது அனுப்பும் மதிப்புகளை வகையோடு அறிவிக்கும் கிளாஸாக, எழுதலாம். ஐடியைக் கொடுக்க மறந்தால் பில்டே ஆகாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் யோசிக்காமல் இதை எடுங்கள்.

மூன்றாவது வழி, முழு ஆப்ஜெக்ட்டைப் பார்சலபிளாக (ஆண்ட்ராய்டு பொட்டலம் கட்டி அனுப்பக்கூடிய வடிவில்) அனுப்புவது; அது வசதியாகத்தான் தெரியும். ஆனால் ஆப் பின்னணிக்குப் போகும்போது பேக் ஸ்டாக்கில் (திறந்த ஸ்க்ரீன்களின் அடுக்கில்) உள்ள ஆர்குமென்ட்கள் எல்லாம், ப்ராசஸ்களுக்கு இடையே தகவல் கடத்தும் பைண்டர் வழியாகத்தான் சிஸ்டத்துக்குப் போகின்றன; அந்த பஃபர் மொத்த ப்ராசஸுக்கும் சேர்த்தே சுமார் 1 எம்பி. பெரிய பட்டியலையோ படத்தையோ உள்ளே வைத்தால் டிரான்ஸாக்‌ஷன் டூ லார்ஜ் என்று விழும், அதுவும் ஹோம் பட்டனை அழுத்திய பிறகு, எங்கே தவறு என்று தேடவே அரைநாள் போகும். அப்புறம், விலை மாறினாலும் விவர ஸ்க்ரீன் கையில் வாங்கிய பழைய விலையையே காட்டிக்கொண்டிருக்கும்.

நாலாவது, பகிர்ந்த வியூமாடல், அதாவது ஸ்க்ரீனுக்கான டேட்டாவை மெமரியில் வைத்திருக்கும் ஒரே கிளாஸை இரண்டு ஸ்க்ரீனும் பயன்படுத்துவது? மூன்று நான்கு பக்கம் நீளும் படிவத்துக்கு, அந்தப் பக்கங்களை ஒரே குழுவாக்கும் நெஸ்டட் கிராஃபோடு கட்டினால், அருமை. விவர ஸ்க்ரீனுக்கு வேண்டாம். மெமரி போதாமல் சிஸ்டம் ப்ராசஸைக் கொன்றால், திரும்பி வரும்போது அதே ஸ்க்ரீன் திறக்கும், வியூமாடல் மட்டும் காலி. ஆப்பைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு ஏடிபியில் (கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) 'ஏஎம் கில்' கொடுத்துப் பாருங்கள், உடனே தெரியும்.

ஆகவே ஐடி மட்டும் போதும், மற்றதை ஃபோனிலேயே டேட்டாவைச் சேமிக்கும் ரூம் டேட்டாபேஸிலிருந்து எடுங்கள். பிரைமரி கீயை வைத்து ஒரு வரிசையைப் படிப்பது ஒரு பாரமே இல்லை. டேட்டா சர்வரில் மட்டும்தான் இருக்கிறது, லோடிங் சுழல்வது பிடிக்கவில்லை என்றால், தலைப்புக்காகப் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள், சரி, அதற்கு மேல் வேண்டாம்.