‘டியூனிங் சார்ஜ்’ 600 ரூபாய்: பாக்ஸுக்குள் இருந்ததோ நாலு இன்ச் பைப்

மதுரையில் ஒரு கடையில் பத்து இன்ச் ஊஃபருக்கு, அதாவது பேஸ் ஸ்பீக்கருக்கு, பாக்ஸ் அடிக்கக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. பாக்ஸுக்கு 3,200, அதற்கு மேல் ‘டியூனிங்’ என்று தனியாக 600. பாக்ஸில் காற்றுப் போக வைக்கும் பைப்பை அளந்து வெட்டி, பாக்ஸின் சுருதியை வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் டியூனிங். “ஐம்பது லிட்டர், 35 ஹெர்ட்ஸ். கம்ப்யூட்டர்ல போட்டுத்தான் செய்வோம் தம்பி” என்றார் கடைக்காரர். ஆனால் என் ஊஃபரின் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் (ஊஃபரின் குணத்தைச் சொல்லும் அளவுகள்) எதையும் அவர் கேட்கவில்லை. அவை இல்லாமல் ஊஃபருக்குப் பொருந்தும் பாக்ஸை எந்தக் கம்ப்யூட்டரும் கணக்குப் போடாது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பிரமாதமாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் புரிந்தது, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ‘பூம் பூம்’. பேஸ் கிட்டார் கீழே இறங்கும் இடத்தில் சத்தம் காணாமல் போய், ஊஃபரின் கோன் (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) மட்டும் பேயாட்டம் ஆடும். மூன்றாவது வாரம் ‘டக் டக்’ என்று இடித்தது, அப்புறம் ஒரே கரகரப்பு. கோனை அசைக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், போச்சு. “வால்யூமை ஓவரா வெச்சிருப்பீங்க தம்பி” என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

ஊஃபரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். 110 எம்எம் பிவிசி பைப், நீளம் 10 செ.மீ. ஒரு சாண்கூட இல்லை. பாக்ஸை டேப் வைத்து அளந்தால் வெளிப்புறம் 45, 35, 32. பெருக்கினால் 50 லிட்டர்தான், ஆனால் மரத்தையும் சேர்த்து! 18 எம்எம் பலகையைக் கழித்தால் உள்ளே 37 லிட்டர் கூட இல்லை. ஊஃபரும் பைப்பும் அடைக்கும் இடம் போக 34.

காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு ஒலி வருமே, இந்தப் பைப்பும் (இதைத்தான் போர்ட் என்பார்கள்) அதே வேலைதான் செய்கிறது. பைப்பிலுள்ள காற்று எடை, பாக்ஸிலுள்ள காற்று ஸ்பிரிங். பைப் நீண்டால் சுருதி இறங்கும். வாய் அகன்றாலோ பாக்ஸ் சுருங்கினாலோ ஏறும். என் அளவுகளைப் போட்டுப் பார்த்தால் 65 ஹெர்ட்ஸ் வருகிறது. நிஜமாகவே 50 லிட்டர் இருந்திருந்தாலும் 54தான். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். டியூனிங்குக்குக் கீழே போனால் பாக்ஸுக்குள் இருக்கும் காற்று கோனைத் தாங்காது, அது இஷ்டத்துக்கு ஆடும். என் காயில் செத்தது இப்படித்தான், வால்யூமால் இல்லை.

900 ரூபாய்க்குக் காயில் மாற்றி அதே பாக்ஸில் மாட்டினேன். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, குறைந்த சத்தத்தில் 80-லிருந்து மெல்ல இறக்கினேன். டியூனிங் இருக்கும் இடத்தில் கோன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், போர்ட்டிலிருந்து மட்டும் காற்று அடிக்கும். என்னுடையது நின்றது 65 பக்கத்தில். இந்தச் சோதனைக்கு ரெண்டு நிமிஷம் போதும். டெலிவரி எடுக்கும்போது கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கடையில் போய்க் கேட்டதற்கு, “எல்லா பாக்ஸுக்கும் இந்தப் பைப்தான் போடுறோம், யாரும் குறை சொன்னதில்லையே” என்றார். எல்லாத்துக்கும் ஒரே பைப் என்றால் அந்த 600 எதற்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு 600-ஐத் திருப்பிக் கொடுத்தார். காயில் செலவு என் தலையில்.

இந்த பாக்ஸில் 110 எம்எம் பைப்பை வைத்து டியூனிங்கை 35 ஹெர்ட்ஸுக்கு இறக்க அரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். ஆழமே 28 செ.மீ.தான். அதனால் ஓட்டையைப் பலகை ஒட்டிச் சுருக்கி 75 எம்எம் பைப் போட்டேன். கணக்குப்படி 22.5 செ.மீ. நான் 26-க்கு வெட்டி, டோன் போட்டுப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு செ.மீ.யாகக் குறைத்தேன். வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது பாருங்கள். சத்தம் கூட்டினால் வாயில் கொஞ்சம் ‘புஸ்’ஸென்று காற்றுச் சத்தம் வருகிறது, சின்னப் பைப்பின் குணம் அது. கடைசியில் நின்ற நீளம், என் கையால் சரியாக ஒரு சாண்.