தண்டாலா, பெஞ்ச் பிரஸ்ஸா: மார்புக்கு எது?

இடது கையை இடுப்பில் வைத்து நன்றாக அழுத்துங்கள். வலது கை விரல்களால் இடது அக்குளின் முன்பக்க மடிப்பைப் பிடித்துப் பாருங்கள். கயிறு போல இறுகி நிற்கிறதே, அதுதான் பெரிய மார்புத் தசையின் கீழ் ஓரம்.

விசிறி மாதிரியான தசை இது. ஒரு பகுதி காறை எலும்பில் தொடங்குகிறது. பெரும்பகுதி மார்பெலும்பிலும் விலாக் குருத்தெலும்புகளிலும். எல்லா இழைகளும் முறுக்கிக்கொண்டு போய் மேற்கை எலும்பின் மேல்பகுதியில் ஒட்டுகின்றன. கையை உடம்புக்குக் குறுக்கே இழுப்பதும் உள்பக்கம் திருப்புவதும் இதன் வேலை. தண்டாலிலும், பெஞ்சில் மல்லாந்து படுத்து எடை மாட்டிய கம்பியை (பாரை) மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸிலும் அந்த வேலை ஒன்றுதான்.

வித்தியாசம் முதுகுப் பக்கம் இருக்கிறது. பெஞ்சில் படுத்தால் தோள்பட்டை எலும்புகள் உடம்புக்கும் பெஞ்சுக்கும் நடுவே அழுந்திக் கிடக்கும். தண்டாலில் அவை விலாக்கூட்டின் மேல் தாராளமாக வழுக்கும். மேலே எழுந்து கை நிமிர்ந்த பிறகும் தரையை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். தோள்பட்டை எலும்புகள் விலகி முன்னால் வருவது தெரியும். அதைச் செய்வது விலாப் பக்கத்தில் ரம்பப் பல் போல ஒட்டியிருக்கும் தசை. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோள்பட்டை எலும்பைச் சுழற்றிக் கொடுப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பெஞ்சில் அதற்கு வேலை குறைவு. என்னைப் பொறுத்தவரை தண்டாலின் பெரிய பலமே இதுதான்.

சரி, மார்புத் தசையின் பருமன் கூட வேண்டுமென்றால்? அங்கே பெஞ்ச் பிரஸ்தான். தண்டாலில் கைகளுக்கு வருவது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 60 கிலோ ஆளுக்கு 40 கிலோ. காலைப் படியில் தூக்கி வைத்தால் கொஞ்சம் கூடும். பாரில் 2.5 கிலோவாக ஏற்றிக்கொண்டே போகலாம். பெஞ்சை 30 டிகிரி சாய்த்தால் காறை எலும்புப் பகுதிக்கு வேலை கூடும். மிகவும் நிமிர்த்தினால் தோள் தசை முந்திக்கொள்ளும்.

ஆனால் மார்புத் தசை கிழிவதும் பெரும்பாலும் பெஞ்ச் பிரஸ்ஸில்தான். கனமான பாரை இறக்கும்போது, கை எலும்பில் ஒட்டும் இடத்தருகே அறுந்துவிடும். கீழ் இழைகள் மிக அதிகமாக இழுபடுகிற நேரம் அது.

அதனால் இடுப்பு தொய்யாமல், நெஞ்சு தரையைத் தொடுமளவு இறங்கி 20 தண்டால் எடுக்க வரும்வரை பெஞ்ச் பக்கம் போக வேண்டாம் என்பேன். அப்புறம் தாராளமாகப் போங்கள். அன்றும் கடைசி ஒரு செட் தண்டாலாக இருக்கட்டும்.