சூரியகாந்தியா, சியோலைட்டா?

அணு விபத்தில் மாசுபட்ட தண்ணீரைச் சுத்தம் செய்ய சூரியகாந்திச் செடி நல்லதா, சியோலைட் என்ற கனிமம் நல்லதா? செர்னோபிலில் சூரியகாந்தி கதிரியக்கத்தை உறிஞ்சியது என்பார்கள். ஃபுகுஷிமாவில் அதே செடி கைவிட்டது என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் முதல் சோதனை தண்ணீரில் நடந்தது, இரண்டாவது மண்ணில். இதைப் பிரித்துப் பார்க்காமல் செடியை எடைபோடுவது நியாயமில்லை.

1990களில் செர்னோபில் அணுஉலைக்குப் பக்கத்துக் குளம் ஒன்றில் தெப்பங்கள் மீது சூரியகாந்தி வளர்த்தார்கள். வேர் நேராகத் தண்ணீரில் தொங்கும். உலையிலிருந்து கசிந்த கதிரியக்கத் தனிமங்களில் சீசியம் வேதியியலில் பொட்டாசியத்துக்கு உறவு, ஸ்ட்ரான்சியம் கால்சியத்துக்கு உறவு. செடி இரண்டையும் சத்து என்றே எடுத்துக்கொள்கிறது. சீசியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், ஸ்ட்ரான்சியம் தண்டுக்கும் இலைக்கும் ஏறும். அதனால் அறுவடை என்றால் வேரோடுதான். ஃபுகுஷிமா வயல்களிலோ சீசியம் களிமண்ணை இறுகப் பற்றிக்கொண்டது. 2011இல் ஜப்பான் வேளாண் அமைச்சகம் சோதித்தபோது, மண்ணிலிருந்த சீசியத்தில் சூரியகாந்தி எடுத்தது சுமார் 2,000இல் ஒரு பங்குதான்.

சரி, தண்ணீருக்கு மட்டும் வருவோம். அங்கே செடிக்குப் போட்டி சியோலைட். நுண்துளைகள் நிறைந்த இந்தக் கனிமம் தன்னிடமுள்ள சோடியத்தை விட்டுவிட்டு சீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணுக்கழிவு மையத்தில் 1985 முதல் இந்த வேலையைச் செய்கிறது. ஃபுகுஷிமா உலைகளுக்குள் கடல்நீரைப் பாய்ச்சியதால் வெளிவந்த கழிவுநீர் உப்பாகவும் கடும் கதிரியக்கத்தோடும் இருந்தது. அதில் செடி பிழைக்காது. சியோலைட் தொட்டிகள்தான் 2011 ஜூனிலிருந்து கைகொடுத்தன. இப்படிப்பட்ட நீருக்கு என் ஓட்டு சியோலைட்டுக்கே. மெலிதாக மாசுபட்ட நன்னீர்க் குளம், அவசரமும் இல்லை என்றால் தெப்பச் செடிகள் போதும்; வெயில் இருந்தால் வேலை நடக்கும். ஆனால் குளத்தில் பொட்டாஷ், அதாவது பொட்டாசிய உரம் கலந்தால், செடி சீசியத்தைக் குறைவாகவே எடுக்கும். ஃபுகுஷிமா விவசாயிகள் நெல்லில் சீசியம் ஏறாமல் தடுக்க வயலுக்குப் பொட்டாஷ் இட்டது இதனால்தான்.

டிரிட்டியம் எனும் கதிரியக்க ஹைட்ரஜனிடம் இரண்டுமே தோற்கும். அது தண்ணீர் மூலக்கூறாகவே இருப்பதால் வடிகட்ட வழியில்லை.

அப்புறம் கழிவு. இரண்டும் கதிரியக்கத்தை அழிப்பதில்லை, இடம்தான் மாற்றுகின்றன. சீசியம்-137 பாதியாகவே 30 ஆண்டுகள் ஆகும். பயன்படுத்திய சியோலைட்டை எஃகுக் கலனில் அடைத்துக் காக்க வேண்டும். செடியை உலர்த்தி, புகையை வடிகட்டும் உலையில் எரித்து, சாம்பலையும் அப்படியே காக்க வேண்டும். பறித்த செடியைக் கரையில் போட்டு அழுகவிட்டால், அடுத்த மழையில் சீசியம் மறுபடியும் குளத்துக்கே வந்துவிடும்.