விலாத் தசை கிழிந்தால்: கட்டா தலையணையா, ஐஸா சூடா?

கெண்டைக்காலில் தசை கிழிந்தால் காலை நீட்டி உட்கார்ந்துவிடலாம். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைக்கு அப்படி லீவு கிடையாது. நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்று வைத்தால்கூட, ஒரு நாளில் சுமார் 20,000 தடவை அது வேலை செய்தாக வேண்டும். அதனால் இந்தக் காயத்துக்கு எந்த இரண்டு வழிகளை ஒப்பிட்டாலும் நான் முதலில் பார்ப்பது, எது ஆழமாக மூச்சிழுக்க விடுகிறது என்பதைத்தான். எது வலியைச் சட்டென்று குறைக்கிறது என்பது அதற்கு அடுத்ததுதான்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்று: இது தசைதானா? தசைக் கிழிவு பெரும்பாலும் ஒரு காரணத்தோடுதான் வரும். கனமான எதையோ திரும்பியபடி தூக்கியிருப்பீர்கள், வேகமாகப் பந்து வீசியிருப்பீர்கள், அல்லது பல நாள் இருமியிருப்பீர்கள். இரண்டு எலும்புகளுக்கு நடுவே விரலால் அழுத்தினால் வலிக்கும். இருமினால், தும்மினால் உயிரே போகும். எலும்பின் மேலேயே ஓர் இடத்தில் சுரீரென்றால் விரிசலாக இருக்கலாம். ஒரே பக்கமாக எரிச்சல் தொடங்கி சில நாளில் கொப்புளம் வந்தால் அது அக்கி. மூச்சுத் திணறல், நெஞ்சை அழுத்தும் வலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், சளியில் ரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் எந்த ஒத்தடமும் வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இவை இல்லாமல் விலா வலியோடு காய்ச்சல் மட்டும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

இறுக்கிக் கட்டுவதா, தலையணையா?

எல்லாவற்றிலும் முக்கியமான தேர்வு இதுதான். மார்பைச் சுற்றி அகலமான பட்டை போட்டு இறுக்குவது பழைய வழக்கம். கட்டிய நிமிடமே இதமாக இருக்கும். விலா விரியாததால்தான் அந்த இதம், சிக்கலும் அங்கேயேதான். மேலோட்டமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் நுரையீரலின் அடிப்பகுதியில் காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்ளும், சளி வெளியேறாமல் தேங்கும், கடைசியில் நிமோனியாவில் போய் நிற்கலாம். வயதானவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். விலா எலும்பே முறிந்தவர்களுக்குக்கூட இப்போது பொதுவாக இப்படிக் கட்டிவிடுவதில்லை.

தலையணை அதே தாங்குதலைத் தேவையான நேரத்தில் மட்டும் தருகிறது. இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஒரு தடித்த தலையணையையோ மடித்த துண்டையோ வலிக்கிற இடத்தில் வைத்துக் கையால் நன்றாக அணைத்துக்கொண்டு இரும வேண்டும், முடிந்ததும் எடுத்துவிடலாம். இருமலை அடக்குவதைவிட இப்படி இருமித் தீர்ப்பதே மேல். விளையாட்டு வீரர்கள் ஒட்டிக்கொள்ளும் மீள்தன்மையுள்ள டேப் மார்பை இறுக்காது, ஆகவே பிடித்திருந்தால் ஒட்டிக்கொள்ளலாம். அது தசையைச் சீக்கிரம் ஆற்றிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

படுக்கையா, நடமாட்டமா?

முதல் இரண்டு மூன்று நாள் தூக்குவது, முறுக்குவது, கையை உயர்த்தி எட்டுவது எல்லாம் வேண்டாம். ஓய்வு என்றால் அவ்வளவுதான், நாள் முழுக்கப் படுத்திருப்பது இல்லை. வீட்டுக்குள் நடங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை, மூக்கால் மெதுவாக இழுத்து, இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, வாயால் விடுங்கள். பத்து மூச்சு போதும். சுருக்கென்று குத்தும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். அந்த எல்லை நாளுக்கு நாள் தள்ளிப் போவதை நீங்களே உணர்வீர்கள். தேறி வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

தூங்கும்போது முதுகுக்குத் தலையணை அடுக்கிச் சாய்ந்து படுப்பது, மல்லாந்து படுப்பதைவிட ஆரம்பத்தில் பலருக்கு இதமாக இருக்கும். எழும்போது நேராக நிமிரப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். முழு உடம்பையும் ஒருசேரப் பக்கவாட்டில் உருட்டி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி எழுந்திருங்கள்.

ஐஸா, சூடா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். எனக்கென்னவோ, கடைசியாகக் கவலைப்பட வேண்டியதும் இதுதான். முதல் 48 மணி நேரம் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். அதற்குப் பிறகு சூடான ஒத்தடம் என்பது வழக்கமான அறிவுரை. ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-ல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஐஸ் வலியை மரக்கடிக்கிறது, சரி, அதற்காக வைத்துக்கொள்ளுங்கள். சூட்டின் பயன் வேறு. வலிக்குப் பயந்து பல நாள் கூனியே இருந்ததால் இறுகிப்போன முதுகையும் தோளையும் அது தளர்த்தும். அழுத்தி நீவுவது மட்டும் முதல் சில நாள் வேண்டாம், எலும்பில் விரிசல் இருந்தால் வினையாகிவிடும்.

மாத்திரையா, ஜெல்லா?

பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்குவதில் பெருமை ஒன்றுமில்லை. மருந்து போட்டுக்கொண்டு ஆழமாக மூச்சிழுப்பவர்தான் புத்திசாலி. பாராசிட்டமால் வயிற்றைக் கெடுக்காது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு, சளி மாத்திரையில் கலந்திருப்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். கல்லீரல் கோளாறு இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஐபுப்ரோஃபென் வீக்கத்தையும் குறைக்கும், ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. டைக்ளோஃபெனாக் ஜெல் பூசினால் ரத்தத்தில் சேரும் மருந்து மிகக் குறைவு. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். கோடீன் வகை வலி மருந்து இருமலை அடக்குமே என்று ஆசை காட்டும். சளி தங்கிவிடும், மலச்சிக்கலும் வரும். முக்கும்போது விலா என்ன பாடு படும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். இருமலால் வந்த கிழிவு என்றால் இருமலுக்கே முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும்.

லேசான கிழிவு இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். பாதி கிழிந்ததற்கு ஒன்றரை இரண்டு மாதம்கூட ஆகலாம், முழுதாக அறுந்திருந்தால் இன்னும் நீளும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலி இல்லை என்பதை நம்பி மட்டையையோ பளுவையோ எடுக்காதீர்கள். முழு மூச்சு, பலமான இருமல், இரண்டு பக்கமும் உடம்பைத் திருப்புவது என மூன்றும் வலியில்லாமல் முடிந்த பிறகு, பாதி வேகத்தில், பாதி எடையில் தொடங்குங்கள். மறுநாள் காலை விலா பிடித்துக்கொண்டால் ஒரு படி இறங்கிச் சில நாள் கழித்துப் பாருங்கள்.