இடது காலுக்கு இடமில்லாத கார்: எட்டு வருட அனுபவம்

மச்சினன் போன வாரம் போன் செய்து, "மாமா, கார் எடுக்கலாம்னு இருக்கேன், மேனுவல் எடுக்கவா, ஏஎம்டி எடுக்கவா?" என்று கேட்டான். மேனுவல் என்றால் கிளட்சை மிதித்து நாமே கியர் மாற்றுவது, ஏஎம்டியில் கிளட்ச் பெடலே இருக்காது, கியர் தானாக மாறும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் ஆனதிலிருந்து எங்கள் சொந்தத்தில் இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் இவன். (நான் கிளட்ச் செட் வாங்கியது அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால். உதிரி பாகங்களுக்கும் அதே நாளில்தான் வரி குறைந்தது. அந்தக் கதை வேண்டாம், விடுங்கள்.)

அவன் கேட்ட நேரம் சரியில்லை. கிளட்ச் மாற்றி இரண்டு மாதம் ஆகியும் என் இடது கால் இன்னும் முழுதாகப் பழகவில்லை, அந்த எரிச்சலில் இருந்தேன். போனில் என்னென்னவோ சொல்லிவிட்டேன். அதையே கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கலாமே என்றுதான் இது.

வண்டி 2017இல் வாங்கியது. 1.2 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர், பெடலை மிதித்தால் ஒரு கம்பி இழுத்து வேலை செய்கிற கேபிள் கிளட்ச், நடுத்தர வேரியன்ட், 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். இன்ஜின் நல்ல இன்ஜின், ஏசி நன்றாகக் குளிரும், மைலேஜ் எல்லாருக்கும் கிடைப்பதுதான் எனக்கும். நான் பேச வந்தது கீழே இருக்கிற மூன்று பெடலைப் பற்றி மட்டும். இன்னும் சரியாகச் சொன்னால், அங்கே இல்லாத நான்காவதைப் பற்றி.

இடது கால் சும்மா இருக்கும்போது வைத்துக்கொள்ள ஓரமாக ஒரு மிதி கொடுப்பார்களே, டெட் பெடல் என்பார்கள், அது என் வேரியன்டில் கிடையாது. மேல் வேரியன்டில் உண்டு. ஒரு துண்டு பிளாஸ்டிக்! ஷோரூமில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்? டச் ஸ்கிரீனைத் தொட்டுப் பார்த்தோம், டிக்கியைத் திறந்து பார்த்தோம், வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துத்தான், இந்தக் காலை எங்கே வைப்பது என்ற கேள்வியே வந்தது. கிளட்சுக்கு இடது பக்கம் வைத்தால் சக்கரத்துக்கான மேடு இடிக்கிறது, பின்னால் இழுத்து மடக்கி வைத்தால் முட்டி வலிக்கிறது. அதனால் கால் தானாகப் போய் கிளட்ச் மேலேயே உட்கார்ந்துகொண்டது. எட்டு வருடம் உட்கார்ந்திருந்தது.

சென்னையில் போரூரிலிருந்து கத்திப்பாரா வரை காலையில் போகிறவர்களுக்கு இது புரியும். மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து அந்த ஏழெட்டு கிலோமீட்டரில் இரண்டாவது கியருக்குப் போவதே ஒரு கௌரவம். ஒரு நாள் கடுப்பில், கிளட்சை எத்தனை முறை மிதிக்கிறேன் என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனேன். நந்தம்பாக்கம் தாண்டும்போது 214. அதற்கு மேல் பக்கத்து ஆட்டோக்காரர் ஒரு மாதிரி பார்க்கவே நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு முறையும் முழுசாக மிதிக்கவும் மாட்டோம், முழுசாக விடவும் மாட்டோம், பாதியில் பிடித்துக்கொண்டு ஊர்வோம். அந்த ஆஃப் கிளட்ச்தான், இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற கிளட்ச் பிளேட்டைத் தின்கிறது.

மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி, பழைய பிளேட்டைக் கையில் கொடுத்தார். "பாருங்க சார், ரிவிட் வரைக்கும் வந்துடுச்சு." பார்த்தேன். லைனிங் தேய்ந்து தேய்ந்து, உள்ளே பதிந்திருக்க வேண்டிய ரிவிட் தலைகள் மேற்பரப்போடு மட்டமாகப் பளபளத்தன. அந்த பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டில் அங்கங்கே திட்டுத்திட்டாக மயில்கழுத்து நிறம், சூட்டில் வந்தது. புடவையாக இருந்தால் அழகாக இருந்திருக்கும். பேரிங்கைச் சுற்றிக் காட்டினார், மாவு மில் மாதிரி கரகரவென்றது. "கால எடுக்கவே மாட்டீங்களா சார்?" என்றார். எடுத்து எங்கே வைப்பது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

நியாயமாகப் பேசினால் தப்பு பாதிக்கு மேல் என்னுடையது. அதே வேரியன்டில் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டி முதல் கிளட்சிலேயே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் அடுக்ககத்திலேயே ஒருவர் இருக்கிறார். ஆனால் ஆறு லட்சம் வாங்கிக்கொண்டு காலை வைக்க இடம் தராதவனுக்கு மீதிப் பாதி போகட்டுமே. கடைசியில் வெளிக்கடையில் ஒரு இரும்புத் தகடு வாங்கி, மெக்கானிக்கே அளவு பார்த்து முடுக்கிக் கொடுத்தார். 350 ரூபாய். எட்டு வருடத்தில் இந்த வண்டிக்கு நான் செய்த நல்ல செலவு அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. கிளட்ச் செட், கேபிள், லேபர் எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம். அது கெட்ட செலவு.

இனிமேல்தான் கதையே. நான் நன்றாக ஓட்டுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. குலுக்காமல் எடுப்பேன், மேட்டில் பின்னால் உருளாமல் நிற்பேன். புது கிளட்ச் போட்ட வண்டியை எடுத்து, மெக்கானிக் கடை வாசலிலேயே இன்ஜினை அணைய விட்டேன். மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை கடைப் பையன் வந்து, "நான் வெளிய எடுத்துத் தரவா சார்?" என்றான்.

நடந்தது இதுதான். கேபிள் கிளட்சில் பிளேட் தேயத் தேய, பிடிக்கிற இடம், அதாவது பெடலை விடும்போது வண்டி நகரத் தொடங்குகிற இடம், மேலே மேலே போகும். அவ்வப்போது கேபிளை அட்ஜஸ்ட் செய்யாவிட்டால் கடைசியில் பெடல் முழுக்க மேலே வந்த பிறகுதான் பிடிக்கும். இது ஒரே நாளில் நடப்பதில்லை, அதனால் நமக்குத் தெரியாது, கால் தானே சரி செய்துகொண்டே போகும். என் கால் கற்று வைத்திருந்தது இதைத்தான்: முக்கால் தூரம் சட்டென்று விடு, கடைசிக் கால்பங்கை மட்டும் மெதுவாக விடு. புது கிளட்ச் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கினாலே பிடிக்கிறது. பழைய பழக்கத்தில் நான் சட்டென்று தாண்டிய அந்த இடத்தில்தான் இப்போது எல்லாமே நடக்கிறது. போதாததற்குப் பெடலும் பாதிக்குப் பாதி லேசாகிவிட்டது. பழைய கனத்துக்கு மிதித்த மிதியில் கால் தரையில் போய் டொம்மென்று இடித்தது.

நான் எட்டு வருடமாகத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தது, ஒரு தேய்ந்த பிளேட்டுக்கு என் கால் போட்ட கணக்கு. இது கொஞ்சம் வலித்தது.

இன்னும் வலிக்க வைத்தது வீட்டில். மனைவி மாதத்துக்கு இரண்டு முறை ஓட்டுவாள். அவளுக்குப் பழக்கம் என்று எதுவும் ஊறவில்லை, அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓட்டுவது போலவே, முழுசாக மிதித்து, மெதுவாக, காது கொடுத்து விடுவாள். வண்டி வந்த மறுநாள் ஏறி உட்கார்ந்தாள், எடுத்தாள், ஒரு குலுங்கல் இல்லை. "இப்பதான் வண்டி நல்லா இருக்கு" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டோமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அந்த வண்டியில் மாஸ்டர் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். நாம் அழகாக எடுத்தோம் என்று சந்தோஷப்பட்ட பாதி நேரம் எடுத்தது அவர் கால். லைசென்ஸ் வாங்கி, சொந்த வண்டியில் தனியாக உட்கார்ந்த முதல் நாள்தான் நம் முதல் வகுப்பு.

எனக்கு இரண்டாவது முதல் வகுப்பு செப்டம்பரில், காலை ஐந்தரை மணிக்கு, எங்கள் அடுக்ககத்தின் பேஸ்மென்டில். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு. பாதம் முழுக்கத் தூக்காமல் குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் விட்டுப் பாருங்கள், பிடிக்கிற இடம் விரல் நுனிக்குத் தெரியும். ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது. இன்ஜின் சத்தம் லேசாகக் கம்மும், டாஷ்போர்டில் ஒரு சின்ன நடுக்கம், வண்டியின் மூக்கு நூல் அளவு எழும்பும். அங்கேயே காலை நிறுத்திவிட வேண்டும். ஒரு மூச்சு விடும் நேரம். வண்டி தானாக எறும்பு போல நகரும், இன்ஜின் கணினி சூட்சுமமாகக் கொஞ்சம் பெட்ரோல் கூட்டிக் கொடுத்து அணையாமல் பார்த்துக்கொள்ளும். நகர ஆரம்பித்த பிறகு மீதியை விட்டால் போதும். எட்டு வருடத்தில் நான் இதைச் செய்து பார்த்ததே இல்லை. இரண்டு தூணுக்கு நடுவே ரிவர்ஸில், ஒரு கை அகல இடைவெளியில், இடது காலால் மட்டும் வண்டியை உள்ளே சொருகியபோது வந்த சந்தோஷத்தை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

பேஸ்மென்ட் ரேம்ப் வேறு பாடம். பாதி ஏறும்போது மேலிருந்து ஒருவர் இறங்குவார், நிற்க வேண்டும். அங்கே வீரம் வேண்டாம், ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். முதல் கியர், கிளட்சைப் பிடிக்கும் இடம் வரை விட்டு, பின்பக்கம் லேசாகக் குனிவது தெரிந்ததும் ஆக்சிலரேட்டர் கொடுத்துக்கொண்டே ஹேண்ட்பிரேக்கை இறக்கினால் ஒரு அங்குலம் உருளாது. இதை வலது காலை பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குத் தாவவிட்டுச் செய்வேன் என்கிறவர்கள் செய்துகொள்ளட்டும், பின்னால் நான் நிற்காதவரை.

பெரும்பாலானவர்கள் தப்பு செய்வது எடுப்பதில் அல்ல, நிறுத்துவதில். முன்னால் எது வந்தாலும் இரண்டு காலும் சேர்ந்து கிளட்சையும் பிரேக்கையும் ஒன்றாக அமுக்கும். 60இல் போகும்போது கிளட்சை அமுக்கினால் இன்ஜின் இழுத்துப் பிடிப்பது போய்விடுகிறது, முழுப் பாரமும் பிரேக் மேல். முதலில் பிரேக், வேகம் நன்றாக இறங்கி இன்ஜின் திணறப் போகும்போதுதான் கிளட்ச். இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் சும்மா ஓட (ஐடில்) பெட்ரோல் எரியும்.

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது இது உயிர்ப் பிரச்சினை. நாற்பது கொண்டை ஊசி வளைவு. அக்டோபரில் போயிருந்தோம். இரண்டாவது கியர், இடது கால் புது இரும்புத் தகட்டில், வலது கால் வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கில். இன்ஜின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து வந்தது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்டில் நிறுத்தியபோது பக்கத்தில் நின்ற வண்டியின் சக்கரத்திலிருந்து பிரேக் கருகும் வாடை வந்தது. நம் சக்கரத்தருகில் கை வைத்துப் பார்த்தேன், சும்மா இளஞ்சூடு. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, மனைவி டீ வாங்கப் போயிருந்தாள்.

என் பெரியப்பா லாரி ஓட்டியவர். சிங்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கிற அமைப்பு) இல்லாத கியர்பாக்ஸில் ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு முறை மிதிப்பார், நடுவில் நியூட்ரலில் விடுவார், கியர் குறைக்கும்போது அங்கே ஒரு ஆக்சிலரேட்டர் உறுமல். டபுள் கிளட்ச். நான் என் கிளட்ச் புலம்பலைச் சொன்னதும், "ஒரு தடவ மிதிக்கவே இவ்வளவாடா?" என்று கேட்டார். அதன் பிறகு அவரிடம் இதைப் பேசுவதில்லை.

சரி, மச்சினன் கேள்வி. ஏஎம்டி என்பது மந்திரமில்லை. 2014இல் மாருதியின் செலேரியோ காரில் நம் ஊருக்கு வந்தது, உள்ளே இருப்பது இதே கிளட்ச் பிளேட்தான், நம் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. கியர் மாறும்போது தலை லேசாக ஆடும். நெரிசலில் பிரேக்கை விட்டு விட்டு ஊர்ந்தால் அந்த பிளேட்டும் தேயத்தான் செய்யும். மேட்டில் பிரேக்கைச் சில நொடி தானே பிடித்து வைக்கிற ஹில் ஹோல்ட் இல்லாத மாடலாக இருந்தால் மேட்டில் அதுவும் உருளும். மேனுவலைவிட ஏறக்குறைய அரை லட்சம் கூட. மேனுவலில் காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு பேச்சு இருக்கிறது, மலையில் அது கொடுக்கிற தைரியம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. இத்தனையும் சொல்லிவிட்டு, "நீ ஏஎம்டியே எடு" என்றேன். போரூரில் இருந்துகொண்டு 214 முறை மிதித்தவன் வேறென்ன சொல்வான், அன்றைக்கு மழை வேறு, முட்டி வேறு.

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப உங்க வண்டிய எவ்வளவுக்குத் தருவீங்க மாமா, ஓட்டிப் பழக வச்சிக்கறேன்" என்றான்.

"நான் எதுக்குடா தரணும்?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல, சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.