காரைத் திருத்துவதா, சந்திப்பைத் திருத்துவதா?

வலப்பக்கம் திரும்பும் காருக்குப் பச்சை. சாலையைக் கடக்கும் என் அம்மாவுக்கும் அதே நேரத்தில் பச்சை மனிதன். சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்கு வெளியே உள்ள சந்திப்பில் தினமும் இதுதான். எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி கிடைக்குமா என்றுதான் ஓட்டுநர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிடைத்ததும் சட்டென்று திரும்புகிறார். கைத்தடியோடு பாதிச் சாலையில் இருக்கும் அம்மா அதற்குப் பிறகுதான் அவர் கண்ணில் படுகிறார்.

ஐரோப்பிய ஒன்றியம் விதியை வண்டியின் மேல் வைத்தது. வேக வரம்பு மீறினால் எச்சரிக்கும் கருவி, 2024 ஜூலை முதல் அங்கே எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். நடப்பவரையும் சைக்கிளோட்டியையும் கண்டு தானே பிரேக் பிடிக்கும் வசதியும் அதே சட்டத்தில் இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அது புது வண்டிக்கு மட்டும். இங்கே கார் வைத்திருக்க வாங்கவேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇ-யின் ஆயுள் 10 ஆண்டு. இன்றே அப்படி விதி வந்தாலும், பழைய கார்கள் ஓய்வதற்குள் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிடும்.

நிலப் போக்குவரத்து ஆணையம் 2018 முதல் மேலும் பல சந்திப்புகளில் பொருத்திவரும், வலப்பக்கம் திரும்பும் வண்டிகளுக்கான சிவப்பு அம்புக்குறி அப்படிக் காத்திருப்பதில்லை. அம்பு சிவப்பாக இருந்தால் புதிய கார், பழைய கார் எல்லாமே நிற்க வேண்டும். திரும்பக் காத்திருக்கும் வரிசை நீளத்தான் செய்யும். அந்த வரிசையில் நிற்கும் பேருந்தில் நானும் இருக்கிறேன், பரவாயில்லை. மூத்தோர் அட்டையைத் தட்டினால் 13 விநாடிவரை கூடுதல் நேரம் தரும் சிக்னலும் சேர்ந்தால் அம்மா அவசரப்படாமல் கடப்பார். மூத்தோர் அதிகம் வாழும் இடங்களில் வண்டிகளை மெதுவாக்க 2014-இல் தொடங்கிய சில்வர் ஸோன்களையும் இதே கணக்கில் சேர்ப்பேன். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் போய்விடும். 30-இல் அது 8 மீட்டர்தான்.

லாரி விஷயத்தில் என் தீர்ப்பு மாறுகிறது; அங்கே வண்டியைத்தான் திருத்த வேண்டும். துவாஸ், கிராஞ்சி தொழிற்பேட்டைகள் பக்கம் ஊழியர் விடுதியிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் ஊர்த் தம்பிகள் லாரிக்கு இடப்பக்கமாக வந்து நிற்பார்கள். பச்சை விழுந்ததும் லாரி இடப்பக்கம் திரும்பும், தம்பி நேரே போவார். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அவர் தெரியவே மாட்டார். லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளை, ஓட்டுநரால் நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதை வைத்து நட்சத்திரமிட்டு அளக்கிறார்கள். 2024 அக்டோபர் முதல் மூன்று நட்சத்திரத்துக்குக் குறைந்தவை கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் பொருத்தியாக வேண்டும். இங்கே லாரிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வருகிறது, வரவேற்கிறேன். ஆனால் திரும்பும்போது லாரி ஏற்கெனவே மெதுவாகத்தானே போகிறது? இடப்பக்கக் கதவின் கீழ்ப்பாதியில் ஒரு சன்னல் இருந்தால், அந்தத் தம்பியின் ஹெல்மெட்டாவது ஓட்டுநர் கண்ணில் படும்.